பேய் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு மேடை

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் ஒரு நடுத்தர அளவு தீம் பார்க்கில், நிகழ்ச்சித் தயாரிப்புப் பிரிவில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முடியும்வரை எங்கள் பூங்காவில் இரவு நேர ஹாலோவீன் நடக்கும். ஐந்து பேய் வீடுகள், வழியில் மறித்துப் பயமுறுத்தும் வேடக்காரர்கள், அப்புறம் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. இந்த வருடம் நகைச்சுவையை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் ஆறாவது பேய் வீடு கட்டலாம் என்கிறார் எங்கள் மேலாளர். "பயப்படுவதற்கு டிக்கெட் வாங்கியவர்களுக்குச் சிரிப்பு எதற்கு?" என்று கேட்கிறார். போன வருடம் இந்தியர்கள் ஆங்கிலம் பேசும் விதத்தைக் கிண்டல் செய்து ஒரு காட்சி வைத்திருந்தார்கள். அதற்குப் புகார்கள் வந்தன. எனக்கே அன்று எழுந்து போய்விடலாம் போல இருந்தது. இருந்தாலும் நிகழ்ச்சியையே தூக்கிவிடுவது சரிதானா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அடுத்த வாரக் கூட்டத்தில் என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிகழ்ச்சி இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ஆனால் போன வருடம் இருந்த மாதிரி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடமாகப் பூங்கா மேடைகளுக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவன் என்பதால் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். நகைச்சுவை பேய் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே நுழையக் கூடாது. உங்கள் மேலாளரின் கேள்விக்கும் உங்கள் மனக்கசப்புக்கும் நான் சொல்லப்போகும் பதில் இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் மேலாளரின் கேள்வி. அவரை ஒரு சனிக்கிழமை இரவு ஏதாவது ஒரு பேய் வீட்டின் நுழைவாயிலை விட்டுவிட்டு, வெளியேறும் கதவருகில் அரை மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். நான் பல இரவுகள் நின்றிருக்கிறேன். ஒருமுறை பதினைந்து வயசு இருக்கும், ஒரு பெண், அண்ணனின் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வந்தாள். கடைசித் திருப்பத்தில் ரம்பத்தோடு ஒருவன் பாய்ந்ததும் தொண்டை கிழியக் கத்தினாள். கதவைத் தாண்டிய அடுத்த நொடி, இடுப்பை மடக்கிக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். பின்னால் வந்த முன்பின் தெரியாத நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளுக்கு யாரும் ஜோக் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் உடம்பு அடக்கி வைத்திருந்த படபடப்பு அப்படி வெளியே வருகிறது. ஆகவே சிரிப்பு ஹாலோவீன் இரவில் ஏற்கெனவே இருக்கிறது. அது உட்கார இடம் கொடுப்பதா வேண்டாமா என்பதைத்தான் நீங்கள் கூட்டத்தில் பேசப்போகிறீர்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, தொழில் தெரிந்தவர்களே அதைப் பல சமயம் மறந்துவிடுகிறார்கள். திடுக்கிடுவது ஒரு அனிச்சைச் செயல். ஒரே மாதிரி அதிர்ச்சி அடுத்தடுத்து வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். முதல் வீட்டில் அலறியவர் நாலாவது வீட்டில், 'இதோ இந்தத் திரைக்குப் பின்னால் ஒருத்தன் இருப்பான்' என்று விரலை நீட்டிக் காட்டுவார். அங்கே வேடம் கட்டி நிற்கும் பையனும் பெண்ணும் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பழக்கத்தை உடைக்க முடியாது. நடுவில் கொஞ்ச நேரம் வேறு ஒரு மனநிலைக்குப் போய்விட்டு வந்தால், திடுக்கிடல் மறுபடியும் வேலை செய்யும். ஆறாவது வீடு கட்டினால் ஆறாவது முறையும் பழகிப்போன ஆளைத்தான் உள்ளே அனுப்புவீர்கள். இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க வைத்தால், இருக்கிற ஐந்தாவது வீடே அவருக்குப் புதிதாகத் தெரியும்.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. பாரிஸில் 1897 முதல் 1962 வரை கிரான் கினியோல் என்று ஒரு சின்ன நாடக அரங்கு நடந்தது. கொலை, சித்திரவதை, பைத்தியம் என்று கோரமான குறுநாடகங்களுக்குப் பேர்போன இடம். அங்கேயும் ஒரு கோர நாடகம் முடிந்ததும் ஒரு கேலி நாடகம், அது முடிந்ததும் மறுபடி கோரம் என்று மாற்றி மாற்றித்தான் போட்டார்கள். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் மாறி மாறி ஊற்றிக்கொள்கிற குளியல் மாதிரி என்று அதைச் சொல்வார்கள். நம் ஊரில் விடிய விடிய நடக்கும் கூத்தில் கட்டியங்காரன் இரவு இரண்டு மணிக்கு வந்து, முன்வரிசையில் தூங்கி வழிபவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான். கூட்டத்தை உலுக்கி எழுப்பினால்தான் அடுத்து வரும் அழுகை அவர்களைத் தொடும்.

தீம் பார்க் உலகத்திலேயே இந்த வாக்குவாதம் பழசு. டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்டில் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகையை உருவாக்கியவர்களில் கிளாட் கோட்ஸுக்கு அது பயமூட்டும் இடமாக இருக்க வேண்டும் என்று ஆசை. மார்க் டேவிஸுக்கோ அது வேடிக்கையான பேய்கள் நிறைந்த இடமாக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டுமே நின்றன. முதல் பாதியில் நீண்ட தாழ்வாரங்கள், தானாக அசையும் கதவுகள், இருட்டு. பின்பாதியில் கல்லறைத் தோட்டத்தில் பேய்கள் பாடிக் கூத்தடிக்கின்றன. ஐம்பது வருடம் தாண்டியும் அதற்கு வரிசை குறையவில்லை. நான் அதில் உற்றுப் பார்ப்பது வரிசைமுறையைத்தான். பயம் முதலில் வருகிறது, சிரிப்பு பின்னால் வருகிறது. ஒரே அறைக்குள் இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை.

ஹாலோவீன் இரவுகளுக்கே வருவோம். கலிபோர்னியாவில் பியூனா பார்க் ஊரில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973-இல் தன் ஹாலோவீன் நிகழ்ச்சியைத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க நடக்கும் இந்த மாதிரி இரவுகளுக்கு அது முன்னோடி. அங்கே காலிகோ சதுக்கத்தில் 'தி ஹாங்கிங்' என்று ஒரு நிகழ்ச்சியைப் பல வருடம் நடத்தினார்கள். அந்தந்த வருடம் செய்திகளில் அடிபட்ட பிரபலங்களைச் சண்டைக்காட்சிகளோடு கேலி செய்து, கடைசியில் யாரைத் தூக்கில் போடுவது என்று முடியும். அதே பூங்காவில் 1982 முதல் பல வருடம், தொலைக்காட்சியில் திகில் படங்களைத் தொகுத்து வழங்கிப் பேர்பெற்ற எல்வைரா மேடையேறினார். கறுப்பு உடை, உயரக் கொண்டை, இரட்டை அர்த்தப் பேச்சு. பயத்தையும் சிரிப்பையும் ஒரே ஆளாகச் சுமந்தவர் அவர். அங்கே அவருடைய கடைசி வருடம் 2017. எட் அலோன்சோ என்ற மந்திரவித்தைக்காரரும் அங்கே நகைச்சுவையோடு வித்தை காட்டியிருக்கிறார். உலகத்தின் முதல் பெரிய பேய் இரவே நகைச்சுவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வளர்ந்தது என்று மேலாளரிடம் சொல்லலாம்.

ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்கா தன் ஹாலோவீன் நிகழ்ச்சியை 1991-இல் மூன்றே இரவு, ஒரே ஒரு பேய் வீட்டோடு தொடங்கியது. அடுத்த வருடமே ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்று பேர் மாற்றினார்கள், பில் அண்ட் டெட் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியையும் சேர்த்தார்கள். காலத்தைத் தாண்டிப் பயணம் போகும் இரண்டு விடலைப் பையன்கள் அந்தந்த வருடத்துப் படங்களையும் பிரபலங்களையும் எல்லாம் சந்திப்பார்கள், அடிதடியும் பாட்டும் ஆட்டமுமாகப் போகும். 2017 வரை ஓடியது. அதைப் பார்ப்பதற்கென்றே வருடா வருடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பேய் வீட்டின் பேர் மறந்துபோனவர்கள்கூட எந்த வருட நிகழ்ச்சியில் எந்த வசனம் வந்தது என்று இன்னும் சொல்வார்கள்.

சரி, கூட்டத்தில் கணக்கும் கேட்பார்கள். பேய் வீட்டுக்குள் நாலு நொடிக்கு ஒருவர் வீதம் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 900 பேர். உள்ளே நடக்க நாலு நிமிடம் என்றால், எந்த நேரத்திலும் வீட்டுக்குள் இருப்பவர்கள் 60 பேர்தான். மற்றவர்கள் வெளியே வரிசையில். ஆறாவது வீடு கட்டினால் இரவு முழுக்க நிறையப் பேரைக் கடத்திவிடலாம், அது உண்மை. ஆனால் இன்னொரு வரிசையையும் நீங்கள் கட்டுகிறீர்கள். 900 இருக்கை உள்ள அரங்கு என்ன செய்கிறது? ஒரே நேரத்தில் 900 பேரை அரை மணி நேரம் நடைபாதையிலிருந்தும் வரிசையிலிருந்தும் எடுத்து உட்கார வைத்துவிடுகிறது. அந்த 900 பேர் ஐந்து வீட்டு வரிசைகளில் பரவி நின்றிருந்தால், ஒவ்வொரு வரிசையும் பன்னிரண்டு நிமிடம் கூடியிருக்கும். நிகழ்ச்சியைப் பார்க்காதவருக்கும் அதனால் லாபம். தவிர, கால் வலியோடு நாலு மணி நேரம் நின்றவருக்கு ஒரு இருக்கை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. உங்கள் அரங்கின் இருக்கை எண்ணிக்கையையும் வீடுகளின் வேகத்தையும் போட்டு இந்தக் கணக்கை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள்.

இனி, பக்கத்தில் இருக்கட்டும், உள்ளே வேண்டாம் என்றேனே, அதை ஒரு தவறிலிருந்து கற்றேன். பல வருடத்துக்கு முன் ஒரு பூங்காவில் நகைச்சுவை மேடையை ஒரு பேய் வீட்டின் பின்சுவரை ஒட்டிப் போட்டோம். இடம் இல்லை, சுவர் வெறும் ஒட்டுப்பலகை. இரண்டாம் நாள் இரவு வேடக்காரப் பெண் ஒருத்தி, முகமெல்லாம் காய்ந்த ரத்தச் சாயத்தோடு, இடைவேளையில் என்னிடம் வந்தாள். "அங்கே ஆயிரம் பேர் கைதட்டுவது என் அறைக்குள் கேட்கிறது. நான் பாய்ந்து வரும்போது எல்லாரும் புன்னகையோடு நிற்கிறார்கள்," என்றாள். போய் அவள் அறையில் நின்று பார்த்தேன். பிணவறை மாதிரி அமைத்த அறை, குளிர், நீல வெளிச்சம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஒலி. அதற்கு நடுவே சுவரைத் தாண்டி ஒரு பெருஞ்சிரிப்பு. அறையே செத்துப்போனது. மறுநாள் ஒலிபெருக்கிகளைத் திருப்பி வைத்தோம், கனமான திரைகளைத் தொங்கவிட்டோம், பாதிதான் பலன் கிடைத்தது. அந்த வருடம் முழுக்க அவளுடைய உழைப்பு வீணானதை நினைத்தால் இன்னும் மனசு கேட்பதில்லை. ஆகவே மேடை எங்கே இருக்கிறது, சத்தம் எங்கே போகிறது என்பதைத் திறப்பதற்கு முன்னால் நடந்து பார்த்துவிடுங்கள். பேய் வேடக்காரர்களை மேடையில் கோமாளியாக்கவும் விடாதீர்கள். மேடையில் கேலிப்பொருளாகிவிட்ட பேயை, பத்து நிமிடம் கழித்து இருட்டில் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

நேரமும் முக்கியம். கதவு திறந்ததும் ஏழு மணிக்குக் காட்சி வைத்தால், இன்னும் ஒரு வீடுகூடப் பார்க்காதவர்கள் வருவார்கள். இறக்கி வைக்க அவர்களிடம் பயமே இருக்காது. முதல் காட்சி எட்டரைக்கு மேல் இருக்கட்டும். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

எல்லாப் பூங்காவுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டமில் 1995-இலிருந்து மிக்கியின் ஹாலோவீன் விருந்து நடக்கிறது. அவ்வளவாகப் பயமுறுத்த மாட்டோம் என்பதே அதன் பேரில் இருக்கிறது. குழந்தைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஊர்வலம் பார்க்கிற இரவு. அங்கே இரவு முழுக்கவே விளையாட்டு என்பதால் தனியாகச் சிரிப்பு மேடை போட்டு எதையும் சமன் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பூங்கா அந்த வகை இல்லை.

உங்கள் மேலாளர் ஒருவேளை ஆர்லாண்டோவையே எடுத்துக் காட்டலாம். பில் அண்ட் டெட் போன பிறகு, 2021 முதல் அங்கே 'நைட்மேர் ஃப்யூல்' என்று நெருப்பும் நடனமும் கலந்த நிகழ்ச்சி வந்தது. யுனிவர்சலின் ஹாலிவுட் பூங்காவிலும் முகமூடி நடனக் குழுவான ஜாபவாக்கீஸ் மேடையேறியது. இவற்றில் பேச்சுக்கு வேலையே இல்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். பயத்துக்கு மொழி வேண்டாம். இருட்டில் பாய்ந்தால் பிரேசில்காரரும் பயப்படுவார், நம் ஊர்க்காரரும் பயப்படுவார். அந்த வருட அமெரிக்கச் செய்தியைக் கேலி செய்தால் உள்ளூர்க்காரருக்குத்தான் புரியும். ஊரிலிருந்து வந்த என் அப்பாவை ஒருமுறை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். சுற்றி எல்லாரும் சிரிக்கும்போது என் முகத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நடிகர் ஏணியிலிருந்து வழுக்கி, தொங்கி, மறுபடி ஏறி, மறுபடி வழுக்கிய இடத்தில் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெளியே வந்ததும், "அந்த ஏணிக்காரன் கெட்டிக்காரன்டா," என்றார். அன்றிலிருந்து நான் எழுதி வாங்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஏணிக்காரனுக்கு இடம் கேட்பேன். மூன்றில் ஒரு பங்காவது காதை மூடிக்கொண்டு பார்த்தாலும் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. வருடா வருடம் புதிதாக எழுத உங்கள் பூங்காவில் ஆளும் நேரமும் இல்லை என்றால், நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு நடனமோ வித்தையோ வைப்பதே மேல். போன வருடத்து ஜோக்கை இந்த வருடம் போட்டால் அது கடி ஜோக்காகத்தான் விழும். அதைப் பார்ப்பவர் அடுத்த முறை அந்த வாசலுக்கே வர மாட்டார்.

இப்போது உங்கள் மனக்கசப்பு. இதைக் கடைசியில் வைத்தேன் என்பதால் சின்ன விஷயமாக நினைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நாம் பேசும் விதத்தை மேடையில் ஒருவர் கோணலாக்கிப் பேச, ஆயிரம் பேர் சிரிக்க, அதற்கு நடுவே நீங்கள் அந்தப் பூங்காவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து போகவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. அந்த இருக்கை எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும், நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காட்சி தப்பு. கேலி செய்ய வேண்டியது பெரிய மனிதர்களையும் அவர்கள் பகட்டையும். டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு வந்தவரின் நாக்கை அல்ல.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2013 அக்டோபரில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட்டில் நடந்த பில் அண்ட் டெட் நிகழ்ச்சியில் ஒரு காட்சி தன்பாலீர்ப்பாளர்களைக் கொச்சைப்படுத்துகிறது என்று கண்டனம் எழுந்தது. மீதியிருந்த காட்சிகள் அனைத்தையும் பூங்கா ரத்து செய்தது. நிகழ்ச்சி அதோடு அங்கே முடிந்தது. ஆனால் அதே பேரில் ஆர்லாண்டோவில் தனியாக எழுதி நடத்தப்பட்ட நிகழ்ச்சி அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஓடியது. இதை அப்படியே கூட்டத்தில் சொல்லுங்கள். நகைச்சுவை என்ற வகைமீது பழி போட முடியாது. ஒரு காட்சியை யார் எழுதினார்கள், யார் படித்தார்கள், யார் 'இது வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும்.

என் அனுபவத்தில் இந்தத் தப்புகள் பெரும்பாலும் வன்மத்தால் நடப்பதில்லை. ஆகஸ்டில் அவசரமாக எழுதுவார்கள், ஒரே வயசு, ஒரே ஊர், ஒரே மாதிரி ஐந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்து படித்துச் சிரிப்பார்கள், செப்டம்பரில் ஒத்திகை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு யாரும் எதையும் மாற்றத் துணிய மாட்டார்கள், உடையும் பாட்டும் தயாராகிவிட்டிருக்கும். அதனால் ஒத்திகைக்கு முன்னால், ஜூலை கடைசிக்குள், எழுத்தை மேசையில் வைத்து உரக்கப் படிக்கும் ஒரு நாளை அட்டவணையில் போடச் சொல்லுங்கள். எழுதியவர்கள் மட்டும் இருந்தால் போதாது. உடை தைப்பவர், வாசலில் டிக்கெட் பார்ப்பவர், பேய் வீட்டு வேடக்காரர், சமையலறையில் இருப்பவர் என்று பூங்காவுக்குள் உள்ள பலதரப்பட்ட ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். யாருடைய முகம் எந்த வரியில் சுருங்குகிறது என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும்.

அந்த மேசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேளுங்கள். தயாரிப்புப் பிரிவில் இருப்பவர், மூன்று வருடம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர், கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூட்டத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால், முந்தின நாளே மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.